மேளமும் மிடறும்

நம் நாட்டு இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடினோரின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். இன்ன ஆண்டில் இன்னார் இன்ன மேடையிற் பாடினார் என்பது ஏட்டில் ஏறுகின்றது. அன்று அவர் பக்கத்திலிருந்து முழவு கொட்டியவர் யார், அவர் எவ்விடத்திற் கைவைத்து எவ்விடத்திற் கையெடுத்தார் என்பன ஏறுவதில்லை. இதனை வெறும் மறதி என்று தள்ளிவிடுதல் இயலாது. ஒரு சமுதாயம் இசையைக் கேட்கும்பொழுது எதனைக் கேட்கின்றது என்பதற்கு இது சான்றாகும். குரலொன்றை நடுவே வைத்து, ஏனைய கருவிகள் யாவும் அதனைப் பின்தொடரும் இசை ஒருவகை. கருவிகள் ஒன்றையொன்று வினாவியும் விடைகூறியும், ஒன்று எழும்போது மற்றொன்று தணிந்தும், தலைமை கைம்மாறிக் கைம்மாறிச் செல்லும் இசை மற்றொருவகை. முன்னையதை மிடற்றிசை எனவும் பின்னையதைக் கூட்டிசை எனவும் இக்கட்டுரையில் வழங்குவாம். நம் கோயில் வீதிகளில் நெடுங்காலம் ஓங்கி நின்றது பின்னையதே. அஃது எவ்வாறு நின்றது, எக்காரணங்களால் தளர்ந்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

வேலணைத் தீவிலே சரவணை, நாரந்தனை, சுருவில் முதலிய ஊர்களை அயலாகக் கொண்டது புளியங்கூடல். பனையும் மணலும் உவர்க்காற்றுமான அவ்வூரிற் சங்கீத சபை எதுவும் இருந்து யாம் அறிந்ததில்லை. ஆயினும் அங்குள்ள மகாமாரியம்மன் கோயிற் பெருவிழாக் காலத்தில், உழுதுவந்த களைப்போடு வீதி மணலிற் குந்தியிருந்த முதியோர் பலர், தவில்காரர் தாளத்தை எண்ணி முடிக்குமிடத்தைத் தம் தொடையில் விரல்வைத்துக் கூடவே எண்ணி, அவர் வந்து சேரும் கணத்தில் தலையசைப்பதை யாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம். அவருட் பலர் தியாகராசர் கீர்த்தனையின் ஓரடியையேனும் சொல்லத் தெரியாதவர். அவர் கேட்டது பாட்டையன்று; மேளத்தை. பண்ணைக் கடலுக்கு மேலாகத் தெருவமையுமுன், தவிலையும் நாயனத்தையும் துணியிற் சுற்றித் தோணியில் ஏற்றிக்கொண்டு வித்துவான்கள் தீவுகளுக்கு வந்தனர் என்று அவர் சொல்லக் கேட்டோம். காற்று மாறித் தோணி பிந்திய நாள்களிற் சுவாமி எழுந்தருளாது காத்திருந்ததும் உண்டாம். மேளமின்றித் திருவுலா இல்லை என்பது அக்காலத்து முடிபு.

கூட்டிசை என்பது நமக்குப் புதிதாக வந்ததொன்றன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஒருமுறை நிதானித்துப் படிப்போர் இதனை உணர்வர். மாதவியின் ஆடலை அரங்கேற்றும் பொருட்டு, ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என அறுவரின் அமைதிகளையும் இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துக் கூறுகின்றார். பெயர் சொல்லப்படாத இவ்வறுவரும் தத்தம் புலமையாற் பெருமை பெறுகின்றனர். இவர்களுள் தண்ணுமை முதல்வனின் இலக்கணம் சிறப்பாக நோக்கத்தக்கது. ஏனைய கருவிகளிற் குறை தோன்றுமிடத்து அதனை நிரப்பவும், மிகை தோன்றுமிடத்து அதனை அடக்கவும் வல்லவனாய், அதே வேளையில் தன் கைத்தொழில் மிகைபடாது காப்பவன் அவன் என்பது அங்குப் பெறப்படும் கருத்து. பின்னர் அரங்கில் இசை தொடங்குங்கால், குழலைப் பற்றி யாழும், யாழைப் பற்றித் தண்ணுமையும், தண்ணுமையைப் பற்றி முழவும் என்று கருவிகள் ஒன்றன்வழி ஒன்று சேர்கின்றன. 1947 ஆம் ஆண்டிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிய யாழ் நூலில், விபுலாநந்த அடிகள் இவ்வரங்கேற்று காதையையே தம் ஆராய்ச்சிக்கு அடிநிலையாகக் கொண்டமை நம் மாணவர் அறிந்ததே. அடிகள் தேடியது மறைந்துபோன ஒரு கருவியை. அக்கருவியோடு கூடி ஒலித்த ஏனையவற்றின் உறவும் அதனோடு மறைந்ததா என்பது அவர் நூலைப் படித்து முடித்தபின் நம் உள்ளத்தில் எழும் வினாவாகும்.

முற்றும் மறையவில்லை என்பதே எம் துணிபு. அது பெரியமேளத்தில் வாழ்ந்தது. நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, சுருதி காக்கும் ஒத்து ஒன்று, கைத்தாளம் ஒன்று என்று அமைவது பழைய மேளம். (நாகசுரமா நாதசுரமா என்னும் வழக்கை அறிஞர்கள் பல்லாண்டு நடத்தியாயிற்று, நம் ஊர்களில் நாயனம் என்றாலே போதும்.) இதனிடத்துப் பாடுவார் இலர், எனவே சொல் இல்லை. சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் ஒலிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. அதன் உயிர் முழுவதும் தாளக்கட்டிலும், அத்தாளக்கட்டை மூன்று காலத்திலும் நாயனமும் தவிலும் பகிர்ந்து சுமப்பதிலுமே தங்கியிருக்கின்றது. இரத்தி என்னும் உருப்படியும் அத்தகையதே. அது பெரியமேளத்தாருக்கே உரியது; வாய்ப்பாட்டுக் கச்சேரியிற் காணப்படாதது. சொல் இல்லாதவிடத்துச் சொல்லுக்குரியவன் என்றொரு தலைவனும் இல்லை.

இன்னும் நுணுகி நோக்கின், கூட்டிசை இங்கு ஒரு கொள்கையாக வகுக்கப்பட்டதன்று, உடம்பின் தேவையாற் பிறந்தது என்பது புலனாகும். நாயனத்தின் சீவாளி நாணற்றட்டையாற் செய்யப்பட்டது. உதட்டின் பிடியாலும் மூச்சின் அழுத்தத்தாலுமே சுரம் நிலைகொள்ள வேண்டும். ஆறு நாழிகைப் பொழுது வீதியில் நின்று ஒருவரே அதனை இடையறாது ஊதுதல் மனிதரால் ஆகாது. எனவே இருவர் மாறிமாறி வாசித்தனர். ஒருவர் இராகத்தை விரிக்க, மற்றவர் நிலைச்சுரத்தைப் பிடித்து நிற்பார். முன்னவர் விட்ட இடத்தில் இவர் எடுப்பார். இருவரும் உதடு ஆறவேண்டிய வேளையில் தவில் முன்வரும். அதுவும் தனியாவர்த்தனத்தில் மட்டும் அன்று. வாய்ப்பாட்டுக் கச்சேரியிற் பாடகர் ஆலாபனை செய்யுங்கால் மிருதங்கம் வாளாவிருத்தல் முறை. மேளத்திலோ, தாளமில்லாத அவ்வாலாபனையின் இடைவெளிகளிலும் தவில் பேசும். ஒரு பிடியை நாயனம் முடித்து மூச்சு வாங்கும் அச்சிறு பொழுதிலே, வந்த பிடியின் நடையை உணர்ந்து, அதற்கு ஏற்ற அளவில் நாலு சொற்கட்டை உதிர்த்து, அடுத்த பிடி எழுமுன் கையை எடுத்துவிடுதல் வேண்டும். சற்றுக் கூடினால் இராகம் கெடும். சற்றுக் குறைந்தால் வெற்றிடம் இளிக்கும். தண்ணுமை முதல்வனுக்கு இளங்கோவடிகள் வகுத்த இலக்கணம், ஏட்டையே தொட்டறியாத தவில்காரர் ஒருவரின் கைகளில், ஒன்றில் விரற்கூடும் மற்றதிற் கழியும் கொண்ட அக்கைகளில், உயிரோடிருந்ததை யாம் கண்டிருக்கின்றோம்.

வீதியும் இதற்குத் துணைநின்றது. மேடையிலே முன்னும் பின்னும் உண்டு; வீதியில் இல்லை. சுவாமி தரித்து நிற்குமிடங்களில் மேளகாரர் ஒருவரையொருவர் முகம்பார்த்து நிற்க, சனம் அவரைச் சூழ்ந்து வட்டமாக நிற்கும். வட்டத்தின் எப்பக்கத்தில் நிற்பவருக்கும் அவரவர் பக்கத்துக் கருவியே அண்மையில் ஒலிக்கும். தவிலுக்கு அருகில் நின்று கேட்டவனும் நாயனத்துக்கு அருகில் நின்று கேட்டவனும் வீடு திரும்பும் வழியில் வேறுவேறு மேளத்தைப் பற்றி வாதாடிச் செல்வர்.

யாழ்ப்பாணத்திலே இம்மரபு வேரூன்றிய வரலாறு தனி நூலாக விரியும் தன்மையது. சுருங்கக் கூறின், தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து தங்கியும், வந்து திரும்பியும், பெண்கொண்டும் கொடுத்தும் இசைவேளாளர் குடும்பங்கள் இருகரையையும் ஒரு கரையாக்கின. இணுவிலும் அளவெட்டியும் அவ்வகையிற் பெயர்பெற்ற ஊர்கள். திருவிழா உபயகாரர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு மேளக் கூட்டங்களை அழைத்தமையால், ஒரே இரவிற் பல கூட்டங்கள் சந்தித்து மேளச்சமா வைக்கும் வழக்கமும் இங்கு வளர்ந்தது. சமாவிலே வெற்றி தோல்வி உண்டு. சிலவேளை மனத்தாங்கலும் உண்டு. எனினும் ஒரு கூட்டம் விட்ட கணக்கை மறுகூட்டம் எடுத்து விடுவிக்கவேண்டும் என்பதால், எதிரியின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டாலன்றி எவரும் வெல்லுதல் இயலாது. கோயில்களிற் சின்னமேளம் எனப்பட்ட சதிராட்டத்தை நாவலர் பெருமான் வன்மையாகக் கண்டித்தமை யாவரும் அறிந்தது. பெரியமேளம் அக்கண்டனத்துக்குத் தப்பி நிலைத்தது.

இனி மிடற்றிசையின் எழுச்சியைக் காண்பாம். கச்சேரி என்று நாம் இன்று வழங்கும் வடிவம் மிகப் பழையதன்று. வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகளை அடுக்கி, இராகம் தானம் பல்லவியை நடுவிற் கொண்டு, சில்லறை உருப்படிகளோடு முடியும் ஒழுங்கு, அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரால் (1890-1967) இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் செப்பம் பெற்றது. 1928 இற் சென்னையிலே சங்கீத வித்துவ சபை நிறுவப்பெற்றபின் அவ்வொழுங்கு சட்டம் போல் ஆயிற்று. இவ்வடிவத்திற் பாடகர் நடுவே. வயலினும் மிருதங்கமும் இருமருங்கே. அவற்றுக்கு இடப்பட்ட பெயரே பக்கவாத்தியம் என்பது. பெயர் எத்துணை வெளிப்படையாக உண்மையைச் சொல்லிவிடுகின்றது! வயலின்காரர் பாடகரின் ஆலாபனையைப் பின்பற்றித் தாமும் வாசிப்பார். மிருதங்கக்காரருக்கு இறுதியில் ஒரு தனி உண்டு. அந்தத் தனி தொடங்கியதும் அவையினர் சிலர் எழுந்து வெளியே செல்லுதலும் கச்சேரி மரபின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இதனாற் கச்சேரி தாழ்ந்தது என்று யாம் கூறவில்லை. சாகித்தியத்தின் பொருளும் பாவமும் கேட்போர் உள்ளத்தே பதிய வேண்டுமாயின் குரல் முன்னிற்றல் இன்றியமையாதது. ஒலிவாங்கி வந்தபின் இவ்வேற்பாடு இன்னும் இறுகிற்று. பாடகர் எத்துணை மெல்லப் பாடினும் பின்வரிசைக்குக் கேட்டது. எனவே ஏனையோர் தணிந்தும் எழுந்தும் குரலைத் தாங்கவேண்டிய கடமையை மின்பொறி ஏற்றுக்கொண்டது. பாலக்காடு மணி ஐயர் தம் பிற்காலத்தில் ஒலிவாங்கியின்றி வாசிப்பதையே வற்புறுத்தியதன் காரணத்தை இதனோடு வைத்து எண்ணுதல் வேண்டும்.

மேளத்தினுள்ளும் இவ்வலை வந்து மோதியது. அதனைக் கொணர்ந்தவர், நாகசுரச் சக்கரவர்த்தி எனப் புகழ்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898-1956). இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்றவர் அவர் என்பதை நினைவிலிருத்துக. வீதிக்கு ஏற்ற உச்சச் சுருதியுடைய திமிரியை விடுத்து, நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாயனத்தை அவர் நிலைநிறுத்தினார். ஒத்தை விலக்கித் தம்புராவை வைத்துக்கொண்டார். தோடியை அவர் விரித்த விரிவு, ஒரு கருவி மிடறாகவே மாறிவிட்டது என்று சொல்லத்தக்கது. அவரைக் கேட்போர் மேளத்தைக் கேட்கச் செல்லவில்லை. இராஜரத்தினத்தைக் கேட்கச் சென்றனர். மூன்று நான்கு நிமிடத்துள் அடங்கவேண்டிய இசைத்தட்டு இதற்கு மேலும் உரமிட்டது. அச்சிறு பொழுதிலே தவிலின் மறுமொழிக்கு இடம் எங்கே? அன்றியும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உரத்த முழவை ஒலிவாங்கிக்குத் தூரத்தே அமர்த்துவதும் வழக்கம். 1962 இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்திலே, இராஜரத்தினம் பிள்ளையின் மாணாக்கராகிய காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம் எஸ். ஜானகியின் குரலோடு எதிரெதிராக நின்று ஒலித்தபோது, நாயனம் குரலுக்கு நிகர் என்று தமிழுலகம் வியந்தது. குரலுக்கு நிகர் என்பதே அங்குப் புகழ்ச்சியாயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுதல் தகும்.

ஆயினும் இராஜரத்தினம் பிள்ளைமேற் குறைகூற எம் மனம் ஒருப்படவில்லை. பழைய மேளத்தின் சமத்துவத்தை நாம் வியந்து பேசும்பொழுது, அம்மேளகாரர் சமுதாயத்தில் நிறுத்தப்பட்ட இடத்தை மறத்தல் நேர்மையன்று. மணிக்கணக்கில் நின்றே வாசிக்கவேண்டும்; மேலாடையை இடுப்பிற் கட்டவேண்டும்; வாய்ப்பாட்டுக்காரருக்கு இட்ட ஆசனம் இவர்களுக்கு இல்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் வித்துவான்களின் கலையைத் தலைமேற் கொண்டாடிய அதே கைகள், சாதியை எண்ணி அவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தின. கூட்டிசையில் ஒருவர் பெயரும் முன்னிற்கவில்லை என்றால், அதற்குக் கலைக்கொள்கை ஒரு காரணம். பெயர் சொல்லத்தக்கவராக அவரை எவரும் மதிக்காமை மற்றொரு காரணம். மேலங்கி அணிந்து, மேடையில் அமர்ந்து, சன்மானத்தைத் தாமே நிச்சயித்து இராஜரத்தினம் பிள்ளை வாசித்தபோது, ஒரு குலத்துக்கே முதுகெலும்பு நிமிர்ந்தது. நடுவிடத்தைத் தமக்கென்று பற்றியதாலேயே அவர் அதனைச் சாதித்தார். மேளத்தின் உரையாடல் அதனாற் சற்றுக் குன்றியது உண்மை. அக்குறைவுக்கு ஈடாகக் கிடைத்ததும் சிறிதன்று.

ஈழத்தில் இக்கதை வேறொரு திருப்பம் கண்டது. இணுவில் விசுவலிங்கம் என்னும் தவில் வித்துவானின் மகனாக 1933 இற் பிறந்த தெட்சணாமூர்த்தி, தவிலையே நடுவிடத்துக்குக் கொண்டுவந்தார். தமிழகத்திலே நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894-1949) முதலிய தவில் வித்துவான்கள் முன்னரே பெரும்புகழ் எய்தியிருந்தனர். சிறப்புத் தவில் என்று தனியே பெயர் குறித்து அழைக்கும் வழக்கமும் எழுந்திருந்தது. தெட்சணாமூர்த்தியோ கடலைக் கடந்து சென்று, அத்தவிலின் தாய்நாட்டிலேயே தம்மை ஒப்புக்கொள்ளச் செய்தவர். சேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் முதலியோருக்கு அவர் வாசித்தார். இங்கு அளவெட்டி என். கே. பத்மநாதனோடு அவர் சேர்ந்த மேளம் ஈழத்துக்கோர் அணியாயிருந்தது. தவில் கேட்பதற்கென்றே சனம் திரண்டது. நாற்பத்திரண்டு வயது நிறையுமுன், 1975 இல் அவர் மறைந்தார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் பின்னாளில் இந்திய தேசிய விருது பெற்றபோதுதான், அவர் பெயரை அறியாத தலைமுறை ஒன்று இங்கு வளர்ந்துவிட்டதையும் பலர் உணர்ந்தனர்.

அவருடைய வாசிப்பிற் கணக்கின் விரைவையும் சிக்கலையும் வியந்து பேசுவோர் பலர். கிடைக்கும் பழைய ஒலிப்பதிவுகளைப் பொறுமையோடு கேட்பின் வேறொன்று தெரியவரும். நாயனம் கீர்த்தனையை வாசிக்குங்கால் அவர் கை எத்துணை அடங்கிக் கிடக்கின்றது! சங்கதி மாறும்போது அதன் வளைவை முன்னரே உணர்ந்து, அவ்வளைவிற் சென்று சேர்கின்றது. தனியில் இடி இடிப்பவர், பாட்டிற் காற்றுப்போல் இருக்கின்றார். நடுவிடத்தில் இருந்தவர் அவர்; ஆயினும் செவியை மூடிக்கொண்டு அங்கு இருக்கவில்லை. எனவே கூட்டிசைக்குப் பகை நடுவிடம் என்பதன்று, கேளாமை என்பதே என்று எமக்குத் தோன்றுகின்றது.

இக்கருத்தை மேனாட்டு வரலாறு கொண்டும் சோதித்துப் பார்க்கலாம். நம் இளைஞர் விரும்பிக் கேட்கும் றொக் இசையிலும் இதே வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் இறுதியில், இங்கிலாந்திலே பாடகர் பெயர் முன்னும் வாசிப்போர் பெயர் பின்னுமாக விளம்பரம் செய்தல் வழக்கம். கிளிவ் றிச்சேட் என்னும் பாடகருக்கு வாசித்த குழுவின் பெயர் 'நிழல்கள்' என்றே பொருள்படும். பக்கவாத்தியம் என்ற நம் சொல்லுக்கு அது தம்பி முறை. (அந்நிழல்களே 1960 இற் பாட்டில்லாத இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றது சுவையான செய்தி.) 1962 இல் லிவர்ப்பூல் நகரத்துப் பீற்றில்ஸ் குழுவை ஒலிப்பதிவு செய்ய ஏற்ற ஜோர்ஜ் மாட்டின், அந்நால்வருள் யாரைத் தலைவராக முன்னிறுத்துவது என்று முதலில் ஆலோசித்ததாகவும், பின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு நால்வரையும் நால்வராகவே விட்டதாகவும் கூறியுள்ளார். அன்று அவர் மற்றவாறு துணிந்திருப்பின், அவ்விசையின் வரலாறே வேறாகியிருக்கும். அக்குழு 1966 ஓகஸ்ற் மாதத்தோடு மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டது. அதன் காரணங்களுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டியது. கூடியிருந்தோரின் கூச்சலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. முழவு வாசித்த றிங்கோ ஸ்ரார், முன்னின்ற தோழரின் உடலசைவைப் பார்த்துப் பாட்டு எவ்விடத்திற் செல்கின்றது என்று மட்டிட வேண்டியதாயிற்று.

இதற்கு மறுதலையும் உண்டு. அதே 1966 இற் பெயர்பெற்ற வித்துவான்கள் மூவர் கூடி 'கிறீம்' என்னும் குழுவை அமைத்தனர். அவர்கள் பாடவும் செய்தனரெனினும், பாட்டைவிட மூவரின் வாத்தியமே அங்குப் பெரிது. மேடையில் நெடுநேரம் கற்பனையாக வாசித்தனர். புறத்தோற்றத்தால் இதனினும் சிறந்த கூட்டிசை இல்லை. ஆனால் மூவரும் தத்தம் ஒலிபெருக்கியை உயர்த்தி உயர்த்தி வாசித்தனர். ஒருநாள் மேடையிலே தாம் வாசிப்பதை நிறுத்திவிட்ட பொழுதும் மற்றிருவரும் அதனைக் கவனியாது தொடர்ந்தனர் என்று அவருள் ஒருவராகிய எரிக் கிளப்ரன் பின்னர் கூறினார். 1968 இல் அக்குழு கலைந்தது. பாடகரை அகற்றிவிட்டால் கூட்டிசை தானே பிறந்துவிடும் என்று எண்ணுவோர் இவ்வொரு நிகழ்ச்சியைச் சிந்திப்பாராக.

நம் ஊருக்கு மீள்வாம். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகள் தொட்டு யாழ்ப்பாணத்துத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கோஷ்டிகள் இடம்பெறலாயின. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் இசைப் பாடல்கள் எழுபதுகளில் ஈழமெங்கும் ஒலித்தன. கிற்றாரும் கொங்கோ முழவும் நம்மவர் கைக்கு வந்தன. ஆயின் இவ்விசையிற் சனம் நினைவில் வைத்திருப்பது பாடினோர் பெயரையே. கோஷ்டியில் வாசித்தோருள் உண்மையான ஆற்றலுடையோர் இருந்தனர். சினிமாப் பாடலின் இடையிசையை ஓரெழுத்தும் பிசகாது வாசித்துக் காட்டுதலே அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. இசைத்தட்டில் உள்ளவாறே வாசித்தார் என்பது அவருக்குக் கிடைத்த உச்சப் பாராட்டு. தம் பக்கத்தில் நிற்பவரை அவர் கேட்கவேண்டிய தேவை அருகிற்று.

வீதியிலும் மாற்றம் வந்தது. பனைமரத்திற் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, மேளம் வாசிக்கும் வேளையிலும் பக்திப் பாடலை ஒலித்துக்கொண்டிருந்த நாள்கள் உண்டு. மேளத்துக்கும் ஒலிவாங்கி வைத்தனர். நாயனத்துக்கு முன்னே ஒன்று, தவிலுக்கு ஒன்று. அதனால் ஒலி பெருகியது; வட்டம் உடைந்தது. கேட்போர் மேளகாரரைச் சூழ்ந்து நிற்கவேண்டியதில்லை. எங்கிருந்தும் கேட்கலாம் என்றாகி, எங்கிருந்தும் கேளாதிருக்கலாம் என்றும் ஆயிற்று. பூசை வேளையில் மின்விசையால் தானே அடிக்கும் முழவும் மணியும் சேர்ந்த பொறி ஒன்று இன்று பல கோயில்களிற் பொருத்தப்பட்டிருக்கின்றது. அது தாளம் தவறுவதில்லை. பூசகர் தீபத்தைச் சற்றுத் தாழ்த்தி நிறுத்தினாலும் அது நிறுத்துவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் தீவுகளுக்கு வந்த இடர் வேறு. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே போரின் காரணமாகத் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கோயில் வீதிகளிற் பற்றை மூடியது. சென்றவர் பலர் திரும்பவில்லை. குடாநாட்டிலும் கொழும்பிலும், அப்பாற் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வேர்விட்டனர். அந்நாடுகளில் அவர் எழுப்பிய கோயில்களுக்கு மேளம் விமானமேறிச் செல்கின்றது. அது நன்றே. ஆனால் மேளம் என்பது வாசிப்போர் மட்டும் அன்று. தொடையில் விரல்வைத்து எண்ணிய அம்முதியோரும் அதன் உறுப்பாவர். அவர் ஒரு சபையில் இருந்தும் கற்கவில்லை. ஆண்டுதோறும் அதே வீதியில், அதே வட்டத்தில் நின்று கேட்டே கற்றனர். வித்துவானை வேற்றூரிலிருந்து அழைத்துவரலாம். அச்செவிகளை எங்கிருந்து அழைத்துவருவது? கேட்போர் அறியாதவிடத்து, தவில்காரர் கடினமான கணக்கை விடுத்துச் சனம் கைதட்டும் விரைவை நாடுவார். நாயனகாரர் இராகத்தைச் சுருக்கிச் சினிமாப் பாட்டை எடுப்பார். அவரைக் குறைகூறிப் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா இரவிலே யாம் புளியங்கூடலுக்குச் சென்றிருந்தோம். மின்னாக்கி இடையிற் பழுதுற்று, விளக்கும் ஒலிபெருக்கியும் ஒருங்கே அவிந்தன. இளைஞர் சிலர் அதனைத் திருத்த ஓடினர். தீவட்டி வெளிச்சத்திற் சுவாமி வீதி மூலையில் தரித்து நின்றது. மேளகாரர் நால்வரும் சற்றுத் தயங்கி, பின் ஒருவரை ஒருவர் நெருங்கி முகம்பார்த்து நின்றனர். மூத்த நாயனகாரர் கரகரப்பிரியாவைத் தொடங்கினார், மெல்லத்தான். தூரத்தே நின்றவர்கள் கேளாமையால் அருகே வந்தனர். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியிலே இளம் தவில்காரர் இரண்டு சொல் உதிர்த்தார். அதிகம் என்று தோன்றிற்றுப் போலும், அடுத்த முறை ஒன்றோடு நிறுத்தினார். மூத்தவர் அதனைக் கேட்டு, தம் அடுத்த பிடியை அச்சொல்லின் நடையிலேயே எடுத்தார். வட்டம் தானே அமைந்துவிட்டது. எமக்கு முன்னே, ஒரு சிறுவன் தந்தையின் தோளிலிருந்தவாறு, வாசிப்போர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணிப்பொழுதின் பின் விளக்கு வந்தது. ஒலிபெருக்கியை மீண்டும் பூட்ட வந்த இளைஞரை, அங்கு நின்ற கிழவர் ஒருவர் கையமர்த்தி, தனி முடியட்டும் என்றார்.